சாசரில் ஒரு துளி

அந்தப் பையை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தி வையுங்கள், அம்மணி. சாய்ந்தால் கொட்டாது, மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாட்டில் சாய்ந்தபடியே இருந்தால் உள்ளே இருப்பது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கொண்டுபோய்க் காட்டுகிறபோது மேல்பக்கம் மட்டமாக இருக்க வேண்டும்.

இல்லை, பன் வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கள். எனக்குப் பசியில்லை. ரோட்டில் விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்க இன்னும் நேரமாகும் என்று கண்டக்டர் சொல்கிறார். பர்லியாரில் நின்றதும் ஒரு விதத்தில் நல்லதுதான். டீக்கடை இருக்கிறது, நீங்கள் பன் வாங்க முடிந்தது. கொண்டை ஊசி வளைவில் நின்றிருந்தால் குரங்குதான் துணை.

பாட்டிலில் என்ன என்று கேட்டீர்கள். கொய்யா ஜெல்லி. பிரட்டில் தடவுகிற ஜெல்லி. நேற்றுப் போட்டது. விற்பதற்கு இல்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருக்கிறது, பக்கவாதம் வந்தவர்களுக்கு எப்படி விழுங்குவது என்று பயிற்சி கொடுக்கிற பெண். அந்தப் பெண் இதில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்த்துப் பார்த்து, பதம் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொல்லிவிட்டால் அடுத்த பஸ்ஸில் குன்னூர் திரும்பிவிடுவேன்.

யாருக்காகவா? என் வீட்டுக்காரிக்காக. ரஞ்சிதம் என்று பேர். அவள் இல்லை. தை மாதம் போய்விட்டாள்.

நீங்கள் நல்ல மாதிரி, சிரிக்காமல் கேட்கிறீர்கள். என் மகள் சுகந்தி திருப்பூரிலிருந்து போனிலேயே சத்தம் போட்டாள். "அப்பா, அம்மாவே போயாச்சு. இப்பப் போயி ஜெல்லி பதமா இருக்குதான்னு கேக்கப் போறீங்களா? அந்தப் பொண்ணு என்ன நெனைக்கும்?" என்றாள். அந்தப் பெண் என்ன நினைத்தால் என்ன. எனக்குத் தெரிய வேண்டும். கடைசியாக நான் போட்ட ஜெல்லியை அவள் தள்ளிவிட்டாள். என்ன குறை என்று தெரியாமலே போய்விட்டாள். உடனே போய்க் கேட்டிருப்பேன், அப்போது மரத்தில் காய் முடிந்துவிட்டது. கடைக் கொய்யாவில் போட்டால் அது வேறு ஜெல்லி. இப்போதுதான் மறுபடி காய்த்திருக்கிறது. அதே மரம், அதே அளவு, அதே பாத்திரம்.

நான் யாரிடமும் இவ்வளவு பேசுகிற ஆள் இல்லை, அம்மணி. தேயிலை ஃபேக்டரியில் இலை நிறுக்கிற வேலை பார்த்தேன். தராசு முள் ஆடி நிற்கிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. கூடைக்காரப் பெண்கள் எதிரே நின்று கிண்டல் செய்வார்கள். "நிறுவைக்காரரே, ஒரு வார்த்தை பேசினா அரைக் கிலோ குறைஞ்சுருமா?" என்பார்கள். எனக்குக் காதெல்லாம் சுடும். குனிந்துகொண்டு முள்ளையே பார்ப்பேன். அப்படியே பழகிவிட்டது. வீட்டில் பேச்செல்லாம் ரஞ்சிதம்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். நான் கேள்வி கேட்டால் பதிலும் அவள்தான், நான் கேட்காவிட்டால் கேள்வியும் அவள்தான்.

கல்யாணமான புதிதில் ஒரு பங்களாவில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவி சொல்லிக் கொடுத்ததுதான் இந்த ஜெல்லி. அரைக்காயாக இருக்கிற கொய்யாவை வெட்டி வேக வைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிழியக் கூடாது. பிழிந்தால் கலங்கிவிடும். தானாகச் சொட்டுகிற சாற்றில் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். வேறு எதுவும் இல்லை. இறுகுவதற்கென்று தனியாக அவள் ஒன்றும் போட மாட்டாள். அரைக்காயிலேயே அந்தப் பசை இருக்கிறது, சர்க்கரை அதைப் பிடித்துக்கொள்ளும் என்பாள். பங்களா வேலை போன பிறகும் விடவில்லை. காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி ஒரு பேக்கரிக்குக் கொடுப்பாள். ஊட்டிக்கு வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள்.

பதம் பார்க்கிறது மட்டும் என் வேலை. அதைச் சொல்ல வேண்டும். காய்ச்சுகிறபோது ஒரு சாசரைத் தண்ணீரில் வைத்துக் குளிர வைத்திருப்பாள். அதில் ஒரு துளி விட்டு, ஆறியதும் நேரே என்னிடம் கொண்டுவருவாள். நான் எங்கே இருந்தாலும் சரி. குளித்துக்கொண்டிருந்தால்கூடக் கதவுக்கு வெளியே நிற்பாள். சாசரை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். நான் வாங்கிச் சாய்த்துப் பார்ப்பேன். விரலால் ஓரத்தைத் தள்ளினால் மேலே தோல் மாதிரி சுருக்கம் விழ வேண்டும். விழுந்தால், "இறுகிடுச்சு" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். நான் பார்த்துச் சொல்லாமல் ஒரு பாட்டிலிலும் அவள் ஊற்றியது கிடையாது. அந்த விஷயத்தில் என் கண்ணில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ருசியா? நான் சாப்பிட்டதில்லை, அம்மணி. முதல் தடவை அவள் சாசரை நீட்டினபோது என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்டாட்டி நீட்டுகிற சாசரை அம்மா முன்னால் நக்குவதா? வெட்கமாகிவிட்டது. சாய்த்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இனிப்பு ஆகாது, இறுகியிருக்குது, ஊத்து" என்றேன். அப்படியே நின்றுவிட்டது. அவளும் அதற்குப் பிறகு சாப்பிடு என்று வாய் திறந்து கேட்டதில்லை. சாசரை மட்டும் நீட்டுவாள். நான் பதம் சொல்லுவேன். திரும்பிப் போகிறபோது ஒரு மாதிரிச் சிரிப்பாள். பதம் வந்த சந்தோஷம்.

டிரைவர் இறங்கிவிட்டார், பாருங்கள். இப்போதைக்கு எடுக்க மாட்டார்கள்.

ரஞ்சிதம் நல்ல பெண்தான். ஒரு குணம்தான் எனக்குப் பிடிக்காது. நான் சாப்பிடாமல் அவள் வாயில் பச்சைத் தண்ணீர் வைக்க மாட்டாள். எனக்கு அது வேண்டாத பழக்கம். நான் கேட்டு வந்ததில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை மழையில் ரோடு போய்விட்டது. ஃபேக்டரியிலேயே தங்கிவிட்டேன். அங்கே எங்களுக்கு உப்புமா போட்டார்கள், வயிறாரச் சாப்பிட்டேன். மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தால் இவள் அடுப்படியில் சுருண்டு கிடக்கிறாள். சோறு மூடினது மூடினபடி இருக்கிறது. "ஏண்டி, தின்னு தொலைச்சிருக்கலாம்ல?" என்று கத்தினேன். "நீங்க சாப்டீங்களா இல்லையான்னு எனக்கென்ன தந்தியா வந்துச்சு? மொதல்ல கையக் கழுவுங்க" என்றாள். சர்க்கரை வியாதி வந்த பிறகும் அதே பிடிவாதம். வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னால் தலையை ஆட்டுவாள். வீட்டுக்கு வந்தால் என் தட்டு நிறைகிற வரைக்கும் தன் தட்டைக் கவிழ்த்தே வைத்திருப்பாள். வாதம் வந்ததே அதனால்தான் என்று நான் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் விழுந்தாள். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. அத்தனை பேசினவளுக்கு "ம்" என்கிற ஒரு சத்தம்தான் மிச்சம். இடது கை மட்டும் நன்றாக வரும். தொண்டையும் சரியில்லை. தண்ணீர் குடித்தால் புரை ஏறும்.

கோயமுத்தூரில் அந்தப் பெண்தான் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது. "தாத்தா, தண்ணி மாதிரி இருந்தா நுரையீரலுக்குள்ள போயிடும். கட்டியா இருந்தா தொண்டையில நின்னுக்கும். ஸ்பூன்ல எடுத்து சாய்ச்சா உடனே விழக் கூடாது, ஒட்டிக்கவும் கூடாது, மெதுவா வழுக்கணும். பிரட்டுல தடவறோம்ல, அந்தப் பதம். பாட்டிக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டது. நான் யோசிக்கவே இல்லை. கொய்யா ஜெல்லி என்றேன். பிடிக்காமலா அத்தனை வருஷம் போட்டிருப்பாள்? "சூப்பர், ஆனா சர்க்கரை கம்மியாத்தான் போடணும். வாய் வழியா ஓரளவு போயிட்டா நல்லது, இல்லேன்னா மூக்குல டியூப் போடற மாதிரி ஆயிடும்" என்றது. அதைக் கேட்டதும் ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாவுக்கு டியூப் போட்டிருந்தார்கள். இவள் ராத்திரியும் பகலும் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள். "உனக்கு அது வராது, நான் விட மாட்டேன்" என்று அவள் காதில் சொன்னேன். என் வாயால் அவளுக்கு நான் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

சிக்கல் எங்கே என்றால், சர்க்கரையைக் குறைத்தால் கொய்யாச் சாறு இறுகாது. குன்னூர் வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் நாள் அவள் செய்கிற மாதிரியே காய்ச்சினேன், சர்க்கரையை மட்டும் கால் பங்காக்கி. ரசம் மாதிரி நின்றது. அப்போது இறுகுவதற்கு வெளியிலிருந்து ஒன்று சேர்த்தாக வேண்டும். எதைச் சேர்ப்பது? அதுதான் அந்த மாதம் முழுக்க எனக்கு வேலை.

கீழ் பஜாரில் ஹமீது பாய் கடைக்குப் போனேன். கடல்பாசி கொடுத்தார். "நோம்பு நேரத்துல எங்க வீட்டுல தெனமும் இதுதான் பெரியவரே. கண்ணை மூடிட்டுப் போடுங்க" என்றார். கண்ணை மூடவில்லை. ஒரு டம்ளர் சாற்றுக்கு ஒரு டீஸ்பூன் பொடி, தலை தட்டி. கொதிக்க வைத்து ஆற வைத்தால், அம்மணி, செங்கல்லாக நின்றது. கத்தியால் வெட்டலாம். ஸ்பூனால் அழுத்தினால் உதிர்கிறது, ஓரத்தில் தண்ணீர் விடுகிறது. பாதி கல், பாதி தண்ணீர். எது ஆகாது என்று அந்தப் பெண் சொன்னதோ அந்த இரண்டும் ஒரே கிண்ணத்தில். பொடியைப் பாதியாக்கினேன். கொஞ்சம் இளகியது. அவளிடம் கொண்டுபோனேன்.

அவள் கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஸ்பூனை நீட்டினேன். வாயை மூடிக்கொண்டாள். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து ஸ்பூனைத் தள்ளினாள். கோபமாக இல்லை. மெதுவாக, என் பக்கமாக. "ம்" என்றாள். பதம் சரியில்லை என்று சொல்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாத ஜெல்லிப் பதமா? கெஞ்சினேன். சுகந்தி பேரைச் சொன்னேன். ஒரு வாய், இரண்டு வாய் வாங்கினாள். பிறகு மறுபடி அந்தக் கை.

கஞ்சியா? கொடுக்காமல் இருப்பேனா? கஞ்சியையும் தள்ளினாள். கஞ்சி அவளுக்குப் பிடிக்காது என்று வைத்துக்கொண்டேன்.

நான் என்ன முடிவு செய்தேன் என்றால், அவள் ஒரு கிண்ணம் முழுதாகச் சாப்பிடாமல் நான் சாப்பிடுவதில்லை. அவள் பட்டினியாகக் கிடக்கிறபோது எனக்கு எப்படி இறங்கும்? அவள் கண் முன்னால் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார முடியுமா? அடுப்படியில் நின்றுகொண்டு வறட்டு டீ குடிப்பேன், எப்போதாவது இரண்டு பிஸ்கட். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டேன். அதையும் அவள் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்து "ம், ம்" என்றாள். இறுக்கமாகப் போட்டிருக்கிறேன் என்கிறாளோ என்று ஒரு ஓட்டை தளர்த்திக்கொண்டேன்.

இடையில் சுகந்தி லீவு போட்டு வந்தாள். வந்ததும் என்னைத்தான் திட்டினாள். "அப்பா, கண்ணாடியில மூஞ்சியப் பாத்தீங்களா? அம்மாவைவிட நீங்கதான் பேஷண்ட் மாதிரி இருக்கீங்க" என்று தோசை சுட்டு அம்மா கட்டில் பக்கத்திலேயே முக்காலியில் தட்டை வைத்துவிட்டாள். எழுந்திருக்கவும் விடவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ரஞ்சிதம் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், பசியில் பார்க்கிறாள் என்று நினைத்தேன். சுகந்தி அம்மாவுக்கு ஊட்ட உட்கார்ந்தாள். மீதமிருந்த கடல்பாசி ஜெல்லியை மிக்ஸியில் ஒரு சுற்று அடித்திருந்தாள், கட்டி உடையட்டும் என்று. நான் தோசை சாப்பிடுகிறேன், அவள் ஜெல்லி சாப்பிடுகிறாள். மூன்று தோசை சாப்பிட்டேன். அவள் அரைக் கிண்ணம் சாப்பிட்டுவிட்டாள். நம்புவீர்களா? அரைக் கிண்ணம். ஒரு தடவைகூடக் கையை நீட்டித் தள்ளவில்லை.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. மிக்ஸி! இறுகின பாசியை அடித்தால் தடவுகிற பதம் வருகிறது. மறுநாள் சுகந்தி போனதும் அதே அளவில் போட்டு, அதே மாதிரி ஒரு சுற்று அடித்துக் கொண்டுபோனேன். கையை நீட்டித் தள்ளினாள். இரண்டு சுற்று அடித்தேன். தள்ளினாள். கொஞ்சம் வெதுவெதுப்பாகக் கொடுத்தேன், குளிர வைத்துக் கொடுத்தேன். தள்ளினாள். அன்றைக்கு மட்டும் எப்படிச் சாப்பிட்டாள்? எதை விட்டேன்? அளவு அதே, பாத்திரம் அதே, கொய்யா அதே மரம். ஒருவேளை ஊட்டுகிற கை ஆகவில்லையோ என்றுகூட ஒரு சமயம் நினைத்தேன். நினைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

கடல்பாசி ஆகாது என்று விட்டுவிட்டு ஜெலட்டின் தேடினேன். ஹமீது பாய் கையை விரித்துவிட்டார். "அது மாட்டு எலும்பா வேற எலும்பான்னு தெரியாது. நம்ம கடைக்குள்ள வராது. பேக்கரி சாமான் விக்கிறவங்ககிட்டப் பாருங்க" என்றார். தேடி வாங்கினேன். அதன் பதம் மாதிரி ஒரு பதம் நான் பார்த்ததில்லை, அம்மணி. கண்ணாடி. ஸ்பூனில் எடுத்தால் ஆடும், உடையாது. சந்தோஷமாகக் கொண்டுபோனேன். தள்ளினாள். கெஞ்சிக் கெஞ்சி ஒரு வாய் வைத்தேன். வாய்க்குள் போனதும் சூட்டில் உருகித் தண்ணீராகிவிட்டது. புரை ஏறி, முகம் கறுத்து, கண் மேலே போய், முதுகைத் தட்டித் தட்டி... குன்னூர்க் குளிரில் கல்லாக நிற்கிறது, மனுஷி வாயில் நிற்கவில்லை. அந்தப் பாத்திரத்தையே தூக்கி எறிந்தேன். எச்சில் துடைக்கிறபோது அவள் இடது கையால் என் தலையைத் தடவினாள். என்னைத் தேற்றுகிறாள்! குற்றமெல்லாம் ஜெலட்டின் மேல்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்புறம்தான் பெக்டின். அந்தப் பெண் போனில் சொன்ன பேர். ஹமீது பாயிடம் சொன்னேன். "அது என்ன பெரியவரே?" என்றார். பழத்தில் இருக்கிற பசை, அதை எடுத்துப் பொடியாக்கி விற்கிறார்கள் என்றேன். "பழத்துல இருக்கிறதை எடுத்து, காசு வாங்கிட்டு, மறுபடியும் பழத்துலயே போடச் சொல்றானா? நல்ல தொழிலு!" என்று சிரித்தார். ஆனாலும் கோயமுத்தூர் லாரிக்காரரிடம் சொல்லி வரவழைத்தார். முதல் பாக்கெட் இறுகவில்லை. அதற்குச் சர்க்கரை நிறைய வேண்டுமாம். சர்க்கரை குறைவாக இருந்தாலும் இறுகுகிற பெக்டின் வேறாம். அதற்கு மறுபடி லாரி.

அதற்குள் அவள் இளைத்துவிட்டாள். வளையல் முழங்கை வரைக்கும் போய் வந்தது. குன்னூர் டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம், இல்லேன்னா டியூப்தான்" என்றார். அவள் முன்னாலேயே சொன்னார்.

இரண்டாவது பாக்கெட் வந்தது. அன்றைக்குக் காலையில் போட்டேன். கடைசிக் காய்கள், மரத்தில் அதற்கு மேல் இல்லை. பொடியைச் சர்க்கரையோடு கலந்து தூவினேன், கட்டி விழாமல். கைவிடாமல் கிண்டினேன். சாசரைத் தண்ணீரில் வைத்தேன், அவள் வைப்பாளே அப்படி. ஒரு துளி விட்டேன். ஆறினதும் விரலால் தள்ளினால் சுருக்கம். அத்தனை வருஷமும் அவள் சாசரில் நான் பார்த்த அதே சுருக்கம். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தேன். விழவில்லை. பிறகு மெதுவாக, பொறுமையாக வழுக்கி இறங்கியது. அம்மணி, நான் அடுப்படியில் தனியாக நின்று "இறுகிடுச்சு, இறுகிடுச்சு" என்று சத்தமாகச் சொன்னேன்.

சாசரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் என்னிடம் நீட்டுகிற மாதிரியே அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாரு, நீயே பாரு" என்றேன். பார்த்தாள். சாசரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதம் அவளுக்கே பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இடது கையைத் தூக்கினாள். விரலை அந்தத் துளியில் வைத்தாள். சரி, விரலால் தள்ளிச் சுருக்கம் பார்க்கப் போகிறாள் என்று சாசரை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அவள் அதைத் தொட்டு எடுத்து, கை நடுங்க நடுங்கத் தூக்கி, என் வாயில் தேய்த்தாள். உதட்டிலும் மீசையிலும் ஒட்டிக்கொண்டது. கை நிலையில்லாமல் தடுமாறுகிறது என்று நினைத்துத் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். அவள் விரலையும் துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஸ்பூனில் எடுத்து நீட்டினேன். அவள் என் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்தாள். தள்ளினாள். அதே மாதிரி, என் பக்கமாக.

எனக்குத் தாங்கவில்லை. "இதுல என்னடி குறை? இதுலயும் என்ன குறை கண்டுட்டே?" என்று கேட்டுவிட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய், இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கலாமா என்று கிண்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். போடுகிறபோது என் கையைத் தேடினாள், நான் வெளியே நிற்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

அதுதான் அம்மணி. அந்தப் பெண்ணிடம் இதைக் காட்டிக் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் எனக்குத் தெரியும். கடல்பாசி கல், ஜெலட்டின் தண்ணீர். ஆனால் இதில் என்ன குறை? நான் பார்த்தவரைக்கும் இல்லை. அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

நீங்கள் ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்? மழைத் தூறல் உள்ளே அடிக்கிறது போலிருக்கிறது. ஷட்டரை இறக்கட்டுமா?

சரி, நீங்கள் ஒன்று செய்யுங்கள். அந்தப் பெண் எப்படியும் பதம் மட்டும்தான் சொல்லும், நீங்கள் வீட்டில் சமைக்கிறவர். பன் பாதி மிச்சம் வைத்திருக்கிறீர்கள். கொடுங்கள், அதில் ஒரு ஸ்பூன் தடவித் தருகிறேன். ஸ்பூன் கொண்டுவந்திருக்கிறேன், அவளுக்கு ஊட்டின ஸ்பூன்தான், வெந்நீரில் கழுவியது. பாருங்கள், எப்படிப் பரவுகிறது. கிழியாமல், வழியாமல். இந்தாருங்கள். சாப்பிட்டுச் சொல்லுங்கள்.

என்ன அம்மணி?

வேண்டாமா? எதற்குக் கையைத் தள்ளுகிறீர்கள்? நானா? இல்லை, நான் இனிப்பு... காலையிலிருந்தா? ஒன்றும் சாப்பிடவில்லைதான், டீ குடித்தேன். அதனால் என்ன? நீங்கள் சாப்பிடுங்கள், நான் பிறகு...

என்ன சொன்னீர்கள்?

இன்னொரு தடவை சொல்லுங்கள்.

"மொதல்ல நீங்க சாப்பிடுங்க."

கையை எடுக்காதீர்கள். அப்படியே கொஞ்சம் இருங்கள், அம்மணி. இப்படித்தான். இதே மாதிரி மணிக்கட்டைப் பிடித்து, இதே மாதிரி மெதுவாக, என் பக்கமாக. கடல்பாசிக்கும் இப்படித்தான். கஞ்சிக்கும் இப்படித்தான். அன்றைக்கு மூன்று தோசை சாப்பிட்டேனே, அன்றைக்கு மட்டும்தான்...

துண்டால் துடைத்துவிட்டேன், அம்மணி. அவள் விரலையும் துடைத்துவிட்டேன்.

இல்லை, ஒன்றும் இல்லை. உட்காருங்கள். கண்டக்டரைக் கூப்பிட வேண்டாம். மரத்தை எடுத்துவிட்டார்கள் போல, முன்னால் நிற்கிற லாரி நகர்கிறது. எனக்குக் கோயமுத்தூர் வரைக்கும் டிக்கெட் இருக்கிறது. அங்கே போய் இனி என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இந்த ஸ்பூனைப் பாருங்கள். மிச்சமிருந்ததைச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன், பஸ் கிளம்பி ஆடுகிறது, அப்போதும் சட்டென்று விழாமல் மெதுவாக வழுக்குகிறது. பதத்தில் குறையே இல்லை, அம்மணி. பதத்தில் ஒரு குறையும் இல்லை.